நான்கு மணிக்குப் பிறகு நான் செய்தது

தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, கம்பி அண்ணனோடு ஒரே வேனில் பதினோரு ஆண்டுகள் இடித்துப் பிடித்துப் பயணம் செய்த டிரம்மர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் அருமை மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இசைக் கலைஞர்களே, படப்பிடிப்புத் தளத்துத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. மற்றவர்கள் வாய்க்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வதுதான் என் பிழைப்பு. நான் ஒலிப்பதிவாளன். இன்று மைக் என் வாய்க்கு முன்னால் இருக்கிறது, கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அண்ணனைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்ததெல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. இசையில் உச்சியில் இருந்தபோது அதை உதறிவிட்டு நடிப்புக்குப் போனாரே, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும் என்று ஐந்து பேரும் கேட்டார்கள். இயக்குநர் அவர்கள் ஒரு படி மேலே போய், அதைத் துறவு என்றே சொன்னார். துறவா? துணிச்சலா? இல்லை ஐயா! அது பயம். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்ட பயம். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.

அதிர்ச்சி அடைய வேண்டாம். நானாக வந்து உளறவில்லை. இது அண்ணன் இட்ட கட்டளை. மூன்று மாதத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் போனப்புறம் கூட்டம் போடுவாங்க. வரிசையா வந்து ஒரே மாதிரி பேசுவாங்க. கேக்கறவன் கொட்டாவி விடுவான். நீ எந்திரிச்சு நடந்ததைச் சொல்லிடு. ஒருத்தனாவது நிமிர்ந்து உக்காரட்டும்."

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். நன்றி.

கம்பி என்ற பெயர் கிதார்க் கம்பியால் வந்ததா, அந்தக் காலத்தில் அவர் இருந்த ஒல்லியால் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. திரையில் பெயர் போடும்போதும் அதையே போடச் சொன்னார். நம் சங்கம் அவருக்குக் கலைச்செம்மல் என்று பட்டம் கொடுத்தது. பட்டத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தவர் என் காதில், "செம்மல்னா என்னடா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இருவரும் கைதட்டிக்கொண்டே நின்றோம்.

அவருடைய ராக் குழுவைப் பற்றி நான் கேள்விப்பட்டதுதான் அதிகம். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்து மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அதுதான் மேடை. அந்த மேடையில் ஐந்து பேர். இடம் இல்லை. கிதார் வாசிக்கிறவருக்கு நிற்க இடம் எங்கே? டிரம்மர் அண்ணனின் பெரிய சிம்பலுக்கு ஒரு சாண் தள்ளி. பதினோரு ஆண்டுகள், நானூறு நிகழ்ச்சிகள், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்தப் பித்தளைத் தட்டு அண்ணனின் வலது காதுக்குப் பக்கத்தில் அடிவாங்கியது. டிரம்மர் அண்ணன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். உங்களைக் குற்றம் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். "அவன் அடிச்ச அடிக்கு மேசை உடையாம இருந்ததே பெருசு" என்று மட்டும் சொன்னார்.

குழு கலைந்தது. அண்ணன் இசைத் தயாரிப்பாளர் ஆனார். பாடுவது ஒருவர், வாசிப்பது பத்துப் பேர், எல்லாம் சேர்ந்து கடைசியில் எப்படிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது தயாரிப்பாளர். அந்த வேலையில் அவரைப் போல இன்னொருவர் உண்டா? பாட்டு தயாரானதும் எல்லோரையும் அறைக்கு வெளியே போகச் சொல்வார். கதவைச் சாத்திவிட்டுப் பாட்டை ஓடவிடச் சொல்வார். "கதவுக்கு அந்தப் பக்கமும் நல்லா இருந்தாத்தான் பாட்டு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பார். ஒரு முறை வயலின் வாசிக்கிற அம்மா ஒருவர் கையை முறித்துக்கொண்டு வந்தார். வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. வேறொருவராக இருந்தால், போய் ஓய்வெடுங்கள் என்று அனுப்பியிருப்பார். அண்ணன் அந்த அம்மாவைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இரண்டு மாதம் அவர் கேட்டுச் சொன்னதெல்லாம் பாட்டில் ஏறியது. ஆல்ப அட்டையில் எல்லார் பெயருக்கும் கீழே, 'கதவுக்கு வெளியிலிருந்து கேட்டவர்' என்று அவருடைய பெயரும் அச்சாகியிருந்தது. அந்த அம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கை எப்போதோ கூடிவிட்டது.

அப்படிப்பட்டவரிடம் நான் என் இருபத்தாறாவது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாவது மாதம் ஒன்றைக் கண்டுகொண்டேன். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "வலது பக்கம் ஏத்து" என்பார், வலது ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டச் சொல்லி. ஏற்றுவேன். "இன்னும் கொஞ்சம்." ஏற்றுவேன். "சத்தத்துல கூர்மை பத்தல." கூட்டுவேன். அவர் திருப்தியாகத் தலையசைக்கும்போது, என் காதில் வலது பக்கம் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது போல இருக்கும். அவருடைய வலது காது பாதிக்கு மேல் போயிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அண்ணா, உங்களுக்கு இந்தக் காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்! அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காது கேட்காத இசைத் தயாரிப்பாளர் என்று விஷயம் வெளியே போனால், நம் தொழிலில் நாலு நாளில் கிண்டலாகிவிடும், ஐந்தாவது நாள் வேலை இருக்காது. அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன்.

அண்ணனுக்கு ஒரு வழக்கம். உலகமே புரண்டாலும் மாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். "முடிச்சு அனுப்பிடுடா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் நான் ஒலிப்பலகையின் குமிழ்களில் கை வைப்பேன். வலது பக்கத்தை இறக்குவேன். கூர்மையைக் குறைப்பேன். என் காதுக்குச் சரியாக வந்ததும் அதைக் கடைசி டேப்பில் பதிந்து கேசட் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவேன். பிறகு, இதைக் கவனமாகக் கேளுங்கள், எல்லாக் குமிழ்களையும் அண்ணன் விட்டுப்போன இடத்துக்கே திருப்பி வைத்துவிடுவேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒரு மயிரிழை மாறியிருக்காது.

பன்னிரண்டு ஆண்டுகள். பத்தொன்பது ஆல்பங்கள். ஒவ்வொன்றிலும் இதைச் செய்தேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேனே, உள்ளே கொஞ்சம் கர்வமும் இருந்தது. பத்திரிகையில் 'கம்பியின் காதுக்கு ஈடு இல்லை' என்று எழுதியபோது, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சிரித்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் காலை வந்தார். ஸ்டுடியோ சாவியை மேசைமேல் வைத்தார். "போதும்டா எனக்கு" என்றார். போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், 'எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகள் விழாக்களில் பார்த்துக்கொள்வோம். சிரிப்போம், நலம் விசாரிப்போம். அந்த ஒரு கேள்வியை மட்டும் விழுங்கிவிடுவேன்.

நடிகரான கம்பி அண்ணனை நீங்கள் அறிவீர்கள். நீதிபதியாக நடித்தார், காவல் அதிகாரியாக நடித்தார், கதாநாயகியின் அப்பாவாக எத்தனை பேரை வீட்டைவிட்டுத் துரத்தினார்! வசனம் பேசும்முன் தலையைச் சாய்த்து எதிராளியைப் பார்ப்பாரே, அந்த ஒரு சாய்ப்பில் ஓராயிரம் அர்த்தம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பலகுரல் கலைஞர்கள் எல்லோரும் அதைத்தான் செய்து காட்டுகிறார்கள். ஒரு அர்த்தமும் இல்லை ஐயா! கேட்கிற காதைத் திருப்பினார், அவ்வளவுதான். அடுத்து, அவருடைய ஞாபகசக்தி. முழுப் படத்தின் வசனமும் தலைகீழாகத் தெரியும், கூட நடிப்பவர்களின் வசனம் உட்பட. அதை அர்ப்பணிப்பு என்று இயக்குநர் அவர்கள் சற்றுமுன் நெகிழ்ந்து சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன ஆண்டு வரை.

போன ஆண்டு அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அப்போதே மருத்துவர்கள் நாள் குறிக்காத குறையாகப் பேசிவிட்டார்கள். "எட்டுப் பாட்டு பண்ணலாம்டா. நான்தான் கிதார். வா" என்றார். போனேன். பழைய அறை, புதிய இயந்திரம். பதிவெல்லாம் முடிந்தது. முதல் பாட்டின் மிக்சிங்குக்கு, அதாவது ஒலிகளை அளந்து சேர்க்கிற வேலைக்கு, உட்கார்ந்தோம். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வலது பக்கம் ஏத்து" என்றார்.

கை எழவில்லை. எழுபத்தோரு வயது மனிதர், இன்னும் எத்தனை நாளோ. இந்த முறையும் ஏமாற்றி அனுப்பினால், அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வேன்?

"அண்ணா, வலது பக்கம் சரியாத்தான் இருக்கு."

"எங்கடா இருக்கு? ஒண்ணுமே கேக்கல."

"உங்களுக்குக் கேக்காதுண்ணா. எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"சேர்ந்த மூணாவது மாசத்துலேர்ந்து."

எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மணி, வண்டிச் சத்தம், குமிழ், டேப், மறுநாள் காலை. திரும்பிப் பார்க்கவே தைரியம் இல்லை. கண்ணாடியில் அவருடைய உருவம் தெரிந்தது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ வீட்டுல கேட்டதெல்லாம் வேறயா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"ஒவ்வொரு ஆல்பமும் வெளியானதும் வீட்டுல போட்டுக் கேப்பேன். நான் சொன்ன மாதிரி இருக்காது. மறுநாள் வந்து குமிழைப் பார்ப்பேன், நான் வச்ச இடத்துலயே இருக்கும். பாட்டைப் போடச் சொல்லிக் கேப்பேன், நான் சொன்ன மாதிரியே கேக்கும். திரும்பி வீட்டுக்குப் போனா வேற மாதிரி கேக்கும். காது மந்தம்னு எனக்கே தெரியும்டா. ஆனா இங்க ஒரு மாதிரியும் அங்க ஒரு மாதிரியும் கேட்டா அது காதுக் கோளாறா? மண்டைக் கோளாறுதானே? எங்க அப்பாவுக்கு ஐம்பது வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சுது. வச்சது ஒண்ணு, நெனச்சது ஒண்ணு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு. எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். நாலு பேருக்கு முன்னால அசிங்கப்படறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமேண்ணா" என்றேன்.

"உன்னைச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்லடா" என்றார்.

அன்பர்களே, என்னை யாரும் இதைவிடப் பெரிதாக அடித்ததில்லை.

இயக்குநர் அவர்களே, அவர் ஏன் நடிக்க வந்தார் தெரியுமா? உங்கள் கதைக்காக அல்ல. வசனம் மனப்பாடம் ஆகிறதா என்று சோதித்துப் பார்க்க வந்தார்! ஒவ்வொரு படமும் அவருக்குப் பரீட்சை. இன்னும் மறக்கவில்லை, இன்னும் மறக்கவில்லை என்று இருபத்து மூன்று ஆண்டுகள், நாற்பத்திரண்டு படங்கள். காலையில் குளிக்கும்போது சொந்தக்காரர்களின் பிள்ளைகள் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாராம். நடிப்புப் பயிற்சி என்று அண்ணி நினைத்திருக்கிறார்.

அன்று அவர் கத்தினார். கையில் கிடைத்த ஹெட்ஃபோனைத் தரையில் அடித்தார். "ஒரு மனுஷனைப் பைத்தியம்னு நம்ப வச்சிட்டியேடா" என்றார். மகள் வந்து அவரைக் கூட்டிப்போனார். ஒன்பது நாள் பேச்சில்லை. அந்த ஒன்பது நாளும் நான் சோறு தின்றேனா என்று கேட்டால் என் மனைவிதான் பதில் சொல்ல வேண்டும்.

பத்தாவது நாள் போன் அடித்தது. எடுத்ததும் சிரிப்பு. பேச முடியாமல் சிரிக்கிறார்.

"டேய், இன்னிக்கு ஷூட்டிங்ல வசனம் மறந்துட்டேன்டா! சுத்தமா மறந்துட்டேன். ரெண்டே வரி. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. எனக்கு ஒரு பயமும் வரல. எல்லாரும் மறக்கற மாதிரி நானும் மறந்தேன். அவ்வளவுதானே? அவ்வளவுதானேடா?"

"அவ்வளவுதான்ணா" என்றேன். இந்தப் பக்கம் நான் அழுதுகொண்டிருந்தேன்.

அந்த நாளில் படப்பிடிப்பில் இருந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அண்ணன் வசனத்தை மறந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், வயதாகிவிட்டது என்று பரிதாபப்பட்டீர்கள். இல்லை! இருபத்து மூன்று ஆண்டுச் சுமையை அன்றுதான் அவர் இறக்கி வைத்தார். அதன்பின் மனிதர் எத்தனை மறந்தார்! மூக்குக் கண்ணாடியை மறந்தார், மருந்தை மறந்தார், என் பிறந்தநாளை மறந்துவிட்டு மறந்ததற்காக வாழ்த்துச் சொன்னார். இவ்வளவு சந்தோஷமாக மறந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

அண்ணியிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். நான் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார். "உன்னை நாலு அறை விடணும்போல இருக்கு. மொதல்ல உள்ள வந்து காபி குடி" என்றார். குடித்தேன். அந்த நாலு அறை இன்னும் பாக்கி இருக்கிறது, அண்ணி. எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்.

கடைசி நாள் மருத்துவமனை அறையில் எல்லோரும் அவருடைய இடது பக்கமே நெருக்கியடித்து நின்றோம். ஒவ்வொருவரையும் பார்த்தார். பேர் சொன்னார், உறவு சொன்னார், ஒருவரைத் திட்டினார். மகளைச் சின்ன வயதுச் செல்லப் பெயரால் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் போய் உக்காரு" என்று வலது பக்கத்தைக் காட்டினார். முகம் வாடிவிட்டது எனக்கு. அவர் சொன்னார்: "நீ சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிட்ட. மத்தவங்க பேசட்டும்." நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கையை மட்டும் நீட்டினார், பிடித்துக்கொண்டேன். மாலையில் போய்விட்டார். யாரையும் மறக்காமல் போனார். இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும் நமக்கு? இரங்கல் கூட்டத்தில் சொல்லக் கூடாததைச் சொல்கிறேன்: எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அண்ணிக்கும் நிம்மதியாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே கேட்டேன்.

இனி செய்ய வேண்டிய வேலையைச் சொல்லி முடிக்கிறேன். எட்டுப் பாட்டில் ஆறை அண்ணனும் நானும் சேர்ந்து முடித்தோம். அவர் சொல்வார், நான் மறுப்பேன், சண்டை போடுவோம், பிறகு வைப்போம். ஒவ்வொரு குமிழும் அவர் கண்ணெதிரே திரும்பியது. ஏழாவது பாட்டை அவர் மகள் பக்கத்தில் உட்கார, அதே முறையில் முடிப்பேன். எதைத் தொட்டாலும் வாயால் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். இந்த அவையின் முன் இது என் உறுதிமொழி.

எட்டாவது பாட்டு இருக்கிறது. அதன் மிக்சிங்கை அண்ணன் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, தன் கையாலேயே வைத்துவிட்டுப் போனார். கேட்டுப் பார்த்தேன். பாட்டு மொத்தமும் வலது பக்கம் சாய்ந்து கிடக்கிறது, சிம்பல் சத்தம் காதைக் கிழிக்கிறது. அவரிடம் சொன்னேன். "தெரியும். ஆனா இத்தன பாட்டு பண்ணியிருக்கேன், நான் கேட்ட மாதிரி ஒண்ணைக்கூட ஜனங்க கேட்டதில்லையேடா" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமே" என்றார்.

கேட்பீர்கள். ஆல்பம் வெளியாகும்போது அந்தப் பாட்டைப் பலர் திட்டுவார்கள். ஒலிப்பதிவாளனுக்கு வயதாகிவிட்டது, அவனுக்குக் காது போய்விட்டது என்று எழுதுவார்கள். எழுதட்டும். அந்தப் பெயரை நான் சுமக்கிறேன். இப்போதும் தினமும் மாலையில் அந்த அறையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். குமிழ்கள் எதிரே இருக்கின்றன. சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

கம்பி அண்ணா, நான் கை வைக்கவில்லை.